பசிபிக் தீவுகளில் மறுபடி பாய்மரம்: டீசலை எவ்வளவு தூரம் ஓரங்கட்ட முடியும்?

பசிபிக் தீவுகளில் பழைய பாய்மரப் படகுகளையும் பாய் கட்டிய சரக்குக் கப்பல்களையும் மறுபடி கொண்டுவருகிறார்கள் என்று படித்தீர்கள். இது நிஜமாகவே டீசலைக் குறைக்குமா, இல்லை வெளிநாட்டு நிதிக்காக நடக்கும் கண்காட்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். திசைகாட்டி இல்லாமல் அவர்கள் கடல் கடந்தது உண்மைதானா என்றும் கடைசியில் ஒரு வரி. கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது இதுதான் என்று நினைக்கிறேன்: காற்றை நம்பி ஒரு தீவுக்கு அரிசியும் மாவும் கொண்டுபோய், அங்கிருக்கும் நோயாளியையும் விடுதிக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகளையும் சொன்ன நேரத்துக்கு ஏற்றி வர முடியுமா? சுருக்கமாகச் சொன்னால், பவளத்தீவு வளைத்துக் கிடக்கும் உள்கடலுக்குள் முடியும், அதற்கு எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் வேண்டாம். தீவுக்கும் தீவுக்கும் நடுவில் பாதி முடியும், எஞ்சினோடு சேர்ந்து. தூரத்து நாடுகளிலிருந்து வரும் கண்டெய்னர் கப்பல் விஷயத்தில் தீவுக்காரர்கள் கையில் அநேகமாக ஒன்றும் இல்லை. செய்திகளில் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். அதனால்தான் ஒரு நாள் படித்தால் புரட்சி மாதிரியும் இன்னொரு நாள் படித்தால் வெறும் விளம்பரம் மாதிரியும் தெரிகிறது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கப்பல் எஞ்சினியர். பெரிய சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் பல வருடம் இருந்துவிட்டு, அப்புறம் ஃபிஜியின் சுவா துறைமுகத்தில், தீவுகளுக்கு இடையே ஓடும் சிறு கப்பல்களைப் பழுதுபார்க்கும் வேலையில் சில வருடம் இருந்தேன். மார்ஷல் தீவுகளுக்கும் வேலையாகப் போய் வந்திருக்கிறேன். எண்ணெய்க் கணக்கும் எஞ்சின் கணக்கும் எனக்குத் தெரியும். பாய் விரித்துப் படகு ஓட்டத் தெரிந்தவன் அல்ல. அந்தப் பகுதியில் நான் சொல்வது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததும், ஓட்டுகிறவர்களிடம் கேட்டதும்தான்.

அந்த இடங்களின் அளவு பிடிபடாமல் இதைப் பேசவே முடியாது. மார்ஷல் தீவுகள் என்ற நாட்டில் 29 பவள வளையங்களும் 5 தனித் தீவுகளும் இருக்கின்றன. நிலம் மொத்தம் 181 சதுர கிலோமீட்டர், இன்றைய சென்னை மாநகராட்சியில் பாதிகூட வராது. அந்த நிலம் சிதறிக் கிடக்கும் கடலோ சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். கிரிபாட்டியில் 33 தீவுகள், 811 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல். வெளித் தீவு ஒன்றில் சில நூறு பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் கப்பல் வருவது சில வாரத்துக்கு ஒரு தடவை, சில இடங்களில் மாதக்கணக்கில் ஒரு தடவை. கப்பல் கொண்டுவருவது அரிசி, மாவு, சர்க்கரை, டப்பா இறைச்சி, சிமெண்ட், எரிபொருள். திரும்பி எடுத்துப் போவது கொப்பரை, கொஞ்சம் கைவினைப் பொருள். அவ்வளவுதான்.

எரிபொருள் கரையேறுவதை ஒருமுறை நின்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பவளத்தீவின் வெளிப்பக்கத்தில் கடல் செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கிவிடும், நங்கூரம் போட அடி எட்டாது. அதனால் கப்பல் எஞ்சினை ஓட்டியபடியே வெளியே மிதந்துகொண்டிருக்கும். இருநூறு லிட்டர் பீப்பாயை கிரேனில் தூக்கி ஒரு ஃபைபர் படகில் இறக்குவார்கள். கடல்மட்டம் ஏறும்வரை காத்திருந்து, அலை ஒன்று தூக்கும் நொடி பார்த்துப் படகைப் பவளப்பாரின் மேல் ஓட்டி உள்ளே கொண்டுபோவார்கள். மணலில் இரண்டு பேர் பீப்பாயை உருட்டிக்கொண்டு போவார்கள். கடையில் அதே பெட்ரோல் சோடா பாட்டிலில் அளந்து, தலைநகர விலையைவிட நன்றாகவே கூடுதலாக விற்கும். பீப்பாயைக் கரைசேர்த்த படகு ஓடியதும் அதே பெட்ரோலில்தான். இந்தத் தீவு நாடுகள் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி எண்ணெயை நம்பியிருப்பவை. அதில் பெரும்பங்கு போக்குவரத்துக்கே போகிறது. உலக விலை ஒரு படி ஏறினால் அங்கே அது அரிசி மூட்டையில் தெரியும்.

சரி, பழைய படகுக்கு வருவோம். மார்ஷல் தீவுகளில் சிறியதைக் கோர்கோர் என்பார்கள், நடுத்தரத்தை டிப்னோல், பெரியதை வாலாப். ஒல்லியான நீண்ட உடல், அதற்கு ஒரு பக்கத்தில் கொஞ்ச தூரம் தள்ளிக் கட்டிய மிதவைக் கட்டை. அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும், அதுதான் சட்டம். அப்படியானால் திசை மாற்றுவது எப்படி? நம் பாய்ப்படகுகள் மாதிரி அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்குக் குறுக்கே திருப்ப மாட்டார்கள். மார்ஷல் தீவுகளின் தலைநகரான மஜூரோவின் உள்கடலில் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். பாயின் கயிற்றைத் தளர்த்தினார், படகு நின்று பக்கவாட்டில் மிதந்தது. அணியத்தில் குத்தி நின்ற பாயின் கீழ் முனையைத் தூக்கிக்கொண்டு, பலகை மேல் நடந்து மறு முனைக்குப் போய் அங்கே குத்தினார். பாய்மரம் அவரோடு சாய்ந்து வந்தது. பின்னால் இருந்தவர் துடுப்புச் சுக்கானோடு இந்த முனைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். கயிற்றை இழுத்ததும் இதுவரை கடையாலாக, அதாவது பின்முனையாக, இருந்தது அணியமாகிப் படகு புறப்பட்டுவிட்டது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். இரண்டு முனையும் ஒரே மாதிரி செய்திருப்பதன் காரணம் அப்போதுதான் உறைத்தது. ஆனால் உடலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மிதவைப் பக்கம் வளைவு அதிகம், மறுபக்கம் தட்டை. மிதவை இழுக்கும் இழுப்பைச் சரிக்கட்ட என்று சிலர் சொல்கிறார்கள், படகு காற்றோடு பக்கவாட்டில் ஒதுங்காமல் இருக்க என்று சிலர் சொல்கிறார்கள். பலன் இருக்கிறது என்பதில் தகராறு இல்லை, விளக்கத்தில்தான் தகராறு.

இதில் நமக்குப் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. இலங்கையின் மேற்குக் கரையில், நீர்கொழும்புப் பக்கம் ஓடிய ‘ஒருவ’ என்ற மீன்பிடிப் படகும் இதே முறைதான்: மிதவை எப்போதும் காற்றுப் பக்கம், இரண்டு முனையும் மாற்றி மாற்றி அணியம். சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நம் கரைப் படகுகளையும் பசிபிக் படகுகளையும் பக்கத்தில் வைத்து நூறு வருடம் முன்பே எழுதினார். ஒற்றுமை கண்ணுக்குத் தெரிவது. ஆனால் அது எப்போது, யார் வழியாக வந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதை வைத்து இணையத்தில் ஓடும் பெருமைக் கதைகளை நான் தொட மாட்டேன்.

இவ்வளவு நல்ல படகு ஏன் போனது? எஞ்சின் வந்ததும் தானாகப் போய்விட்டது என்று சொல்வது பாதி உண்மைதான். மார்ஷல், கரோலின் தீவுகளை ஆண்ட ஜெர்மானியர்கள் தீவு விட்டுத் தீவு பாய்மரத்தில் போவதைக் கட்டுப்படுத்தினார்கள். பின்னால் வந்த ஜப்பானியரும் விட்டுவைக்கவில்லை. ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். கொப்பரை வியாபாரமும் ஆட்களின் நடமாட்டமும் தங்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது என்றே நினைக்கிறேன். பிறகு 1954-இல் பிகினியில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ரோங்கெலாப் தீவில் விழுந்தது. அலையைப் படித்து வழி கண்டுபிடிக்கும் கல்விக்குப் பேர்போன இடம் அது. மக்கள் இடம்பெயர்க்கப்பட்டதும் கற்றுக்கொடுக்கும் வரிசை அறுந்தது. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வந்து சேர்ந்தபோது படகு ஏற்கெனவே பலவீனப்பட்டுக் கிடந்தது.

இப்போது நான் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம். உள்கடலுக்குள், அதாவது பவள வளையத்தின் உள்ளே இருக்கும் அமைதியான நீரில், மீன் பிடிக்கப் போவதும் பக்கத்துக் குட்டித் தீவில் கொப்பரை வெட்டி எடுத்து வருவதும் பாய்மரத்தில் இன்றே முடியும். அங்கே அலை குறைவு, காற்றுக்குத் தடை இல்லை. டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை மார்ஷல் தீவுகளில் வடகிழக்கு வணிகக் காற்று ஒரே சீராக வீசும். மஜூரோவில் 1989-இல் பழைய படகுகளை அளந்து வரைந்து பதிவு செய்யும் வேலையாகத் தொடங்கிய வான் ஆயிலாங் இன் மாஜெல் என்ற அமைப்பு, இன்று வேலையில்லாத இளைஞர்களுக்குப் படகு கட்டவும் ஓட்டவும் கற்றுக்கொடுக்கிறது. அங்கே பழையதை அப்படியே நகலெடுத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. முன்பு உடலுக்கு ஈரப்பலா மரம், பிணைக்கத் தென்னை நார்க் கயிறு, இடுக்கு அடைக்க ஈரப்பலாப் பால், பாய்க்குத் தாழை ஓலைப் பின்னல். இன்றைக்குப் படகு கட்டும் அளவுக்குப் பருத்த ஈரப்பலா மரம் லேசில் கிடைப்பதில்லை, வறட்சியும் உப்புநீரும் மரத்தைச் சாகடிக்கின்றன. அதனால் ப்ளைவுட், எபாக்சிப் பசை, செயற்கைத் துணிப் பாய். மரபு போச்சே என்று வருத்தப்படுகிறவர்கள் அநேகமாகத் தீவுக்கு வெளியே இருக்கிறவர்கள். தீவில் இருப்பவருக்குப் படகு ஓடினால் சரி.

பேச்சு மறுமலர்ச்சி பற்றி என்பதால் ஒரு இடத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பப்புவா நியூ கினியின் தென்கிழக்கு முனையில் லூயிசியாட் தீவுக்கூட்டம். அங்கே பாய்மரப் படகு நின்றதே இல்லை, அதனால் மீட்கவும் ஒன்றும் இல்லை. சைலாவ் என்று சொல்லும் படகுகளில் இன்றும் சந்தைக்குப் போகிறார்கள், பன்றியும் சாகோ மாவும் ஏற்றுகிறார்கள். பாய் என்னவென்றால் பிளாஸ்டிக் தார்ப்பாய். பெட்ரோல் விலை அவர்களுக்கு எட்டாதது. படகு கட்டுகிற தச்சர் ஊரிலேயே இருக்கிறார். எந்த நிதியும் எந்த மாநாடும் இல்லாமல் ஒரு பாய்மரப் போக்குவரத்து தன் காலில் நிற்கிறது. யாராவது என்னிடம் உதாரணம் கேட்டால் முதலில் இதைத்தான் காட்டுவேன், படத்துக்கு அழகாக இருக்காது என்றாலும்.

அடுத்து, தீவுக்கும் தீவுக்கும் நடுவில். இங்கே சோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1980-களில் ஃபிஜி அரசுக் கப்பல்கள் சிலவற்றுக்குத் துணைப் பாய்கள் கட்டிப் பார்த்தார்கள். நா மட்டாய்சாவ் என்ற கப்பல் அதில் ஒன்று. ஏறத்தாழ கால்பங்கு எண்ணெய் மிச்சமானது. காற்று சாதகமான வழித்தடத்தில் அதற்கும் மேலே. கப்பல் பக்கவாட்டில் உருளுவதைப் பாய் நன்றாகவே அடக்கும் என்பதால் பயணிகளுக்கும் வசதி. அப்புறம் ஏன் நின்றது? 1986-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. யாரும் தோற்றுப்போனதாக அறிவிக்கவில்லை. அக்கறை போய்விட்டது, அவ்வளவுதான். இது எனக்கு முக்கியமான பாடமாகப் படுகிறது, ஏனென்றால் இன்றைய திட்டங்களுக்கும் அதே ஆபத்து இருக்கிறது.

எஞ்சின்காரனாக இந்தக் கால்பங்கு பற்றிச் சில விஷயம் சொல்ல வேண்டும். கப்பலைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும். அதனால் வேகத்தை 10 நாட்டிலிருந்து 8 நாட்டாக (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) குறைத்தாலே அதே தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எண்ணெய் மிச்சமாகும், பாயே இல்லாமல். பாய் கட்டிய கப்பல்கள் மெதுவாகவும் போகும் என்பதால், மிச்சத்தில் எவ்வளவு பாயால், எவ்வளவு நிதானத்தால் என்று பிரித்துச் சொல்லாத அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன். இன்னொன்று, பழைய கப்பலில் பாயை மட்டும் ஏற்றினால் எஞ்சின் பெரியதாகவே இருக்கும், சுமை மட்டும் குறையும். டீசல் எஞ்சினைக் குறைந்த சுமையில் நாள்முழுக்க ஓட்டினால் கரி பிடிக்கும், டர்போ அழுக்காகும், மிச்சம் பிடித்த காசு ஓவர்ஹாலில் போகும். எஞ்சினை முழுக்க நிறுத்தினாலோ, சுழலாமல் நிற்கும் புரொபெல்லர் தண்ணீரில் முட்டுக்கட்டை மாதிரி இழுக்கும். இதழ்களை மடக்கவோ திருப்பவோ முடிந்த புரொபெல்லர் வேண்டும், அது விலை அதிகம். ஆக, பாய்க்கென்றே வடிவமைத்த கப்பலும் பாய் ஒட்டவைத்த கப்பலும் வேறு வேறு. அப்புறம் யாரும் பேசாத ஒன்று: சுவாவில் டிரை டாக் ஏற்றிய சிறு கப்பல்களின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் விரல் கனத்துக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் அதைச் சுரண்டுங்கள். புரொபெல்லரைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பாயைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் மேலே சொன்ன பீப்பாய் இறக்கும் காட்சியில் கப்பல் ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. தீவுக்குத் தீவு நின்று நின்று போகும் பயணத்தில் பெரும்பொழுது இப்படித்தான் கழியும். அந்த நேரத்தில் எஞ்சின், ஜெனரேட்டர், கிரேன், மீன் வைக்கும் குளிர்பெட்டி எல்லாம் எண்ணெய் குடிக்கும், பாய் சும்மா சுருட்டிக் கிடக்கும். பவள வளையத்தின் வாய்க்குள் எதிர் நீரோட்டத்தில் நுழைய எஞ்சின் கட்டாயம். அதனால் எஞ்சினே இல்லாத சரக்குக் கப்பல் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இருந்தும் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. 1950-இல் ஜெர்மனியில் ஹெர்ரிங் மீன்பிடிக் கப்பலாகக் கட்டப்பட்ட குவாய் என்ற பழைய கப்பலுக்குப் பாய் கட்டி, 2000-களின் நடுவிலிருந்து ஹவாயில் இருந்து கிரிபாட்டியின் லைன் தீவுகளுக்கும் குக் தீவுகளுக்கும் சரக்கு ஓட்டினார்கள். பெரிய கப்பல் எட்டிப் பார்க்காத தீவுகளுக்கு வருடக்கணக்கில் வியாபாரமாகவே ஓடிய கப்பல் அது. பின்னால் அது மார்ஷல் தீவுகளின் அரசுக் கப்பல் நிறுவனத்துக்கு வந்தது. அதே நிறுவனத்துக்காக ஜெர்மனியின் நிதி உதவியோடும், அங்குள்ள எம்டன்-லேர் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆய்வோடும் தென் கொரியாவில் கட்டப்பட்டது ஜூரென் ஆய் என்ற 48 மீட்டர் பாய்மரச் சரக்குக் கப்பல். 2024-இல் மஜூரோ வந்து சேர்ந்தது. எண்ணெயும் புகையும் 80 சதவீதம் வரை குறையும் என்று செய்திகளில் வந்ததே, அது வடிவமைப்பின்போது போட்ட எதிர்பார்ப்பு. ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நல்ல காற்று மாதத்தில் நல்ல வழித்தடத்தில் அது நடக்கலாம். காற்று தளர்ந்த மாதங்களில், அல்லது பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வருடத்தில் காற்று தலைகீழாக மேற்கிலிருந்து வரும்போது நடக்காது. வருடம் முழுக்க எடுத்தால் பாதி மிச்சமானாலே நான் கைதட்டுவேன்.

வனுவாட்டுவில் ஓகியானோஸ் அமைப்பின் இரட்டை உடல் படகுகளும் ஓடின, துணை எஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றி. நல்ல படகுகள்தான். ஆனால் ஏற்றக்கூடியது சில டன்கள். புயலுக்குப் பிறகு மருந்தும் ஆளும் கொண்டுபோக அருமை, ஒரு தீவின் சிமெண்டுக்கும் அரிசிக்கும் போதாது. இங்கேதான் உண்மையான முடிச்சு: போக வேண்டிய சரக்குக்கு மூன்று டன் படகு சின்னது, முந்நூறு டன் கப்பல் பெரியது. வரும்போது நிறைய ஏற்றி வந்து, திரும்பும்போது கொப்பரை மட்டும். கொப்பரை விலையே அரசு மானியத்தில் நிற்கிறது. ஃபிஜியில் லாவ் தீவுகள், ரொட்டுமா போன்ற கட்டுப்படியாகாத வழித்தடங்களுக்கு அரசு மானியம் கொடுத்துத்தான் கப்பல் ஓட வைக்கிறது. டீசலிலும் லாபம் இல்லாத வழித்தடம் பாயில் மட்டும் லாபம் தராது. நஷ்டம் குறையும். மானியம் கொடுக்கிற அரசுக்கு அது பெரிய விஷயம், ஆனால் தனியார் முதலாளிக்கு ஆசை காட்டப் போதாது. வங்கி கடன் கொடுக்கத் தயங்கும், காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார், பாய்மரச் சரக்குக் கப்பலுக்குச் சான்றிதழ் பெற்ற கேப்டன் எங்கே என்று துறைமுக அதிகாரி கேட்பார். காற்றைவிட இந்தக் காகிதங்கள்தான் பெரிய தடை.

அதற்காகப் பாதுகாப்புக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. இந்தத் தீவுகளின் உள்நாட்டுக் கப்பல்கள் பெரும்பாலும் வேறு நாடுகளில் ஓய்வு பெற்றவை. 2009 ஆகஸ்டில் டோங்காவில் மூழ்கி 74 பேரைப் பலிகொண்ட பிரின்சஸ் அஷிகா கப்பல் 1972-இல் ஜப்பானில் கட்டப்பட்டது, டோங்காவுக்கு வருவதற்கு முன் ஃபிஜியில் ஓடியது. 2018 ஜனவரியில் கிரிபாட்டியில் புட்டிராவோய் என்ற மரப் படகுக் கப்பலோடு 90-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எஞ்சின் நின்று, எண்ணெய் தீர்ந்து, வாரக்கணக்கில் மிதந்து வேறு நாட்டுக் கரையில் ஒதுங்கும் சிறு படகுகளின் கதை அங்கே வருடந்தோறும் வரும். அந்த ஃபைபர் படகில் ஒரு சின்ன அவசரப் பாயும் அதை விரிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் பாதிப் பேர் தாமே வீடு திரும்புவார்கள் என்று மஜூரோவில் ஒரு முதியவர் என்னிடம் சொன்னார். நான் அதை மறுக்க மாட்டேன். என்னிடம் பணம் இருந்தால் முதலில் அங்கேதான் போடுவேன், பெரிய கப்பலில் அல்ல.

திசைகாட்டி விஷயம். நடந்தது உண்மை. 1976-இல் ஹொக்குலேயா என்ற இரட்டை உடல் படகு ஹவாயின் மௌவி தீவிலிருந்து மே 1-ஆம் தேதி கிளம்பி ஜூன் 4-ஆம் தேதி தஹீத்தியின் பப்பீட்டே சேர்ந்தது. கருவி இல்லாமல் வழிகாட்டியவர் மைக்ரோனேசியாவின் சடவால் தீவைச் சேர்ந்த மௌ பியாய்லுக். ஹவாயில் அந்தக் கலை தெரிந்தவர் அப்போது யாரும் மிஞ்சவில்லை, அதனால் வேறு தீவிலிருந்து அவரை அழைத்து வந்தார்கள். நட்சத்திரம் உதிக்கும் மறையும் இடங்கள், பறவை, மேகம், அலை எல்லாம் அவர் கணக்கில் உண்டு. மார்ஷல் தீவுக்காரர்களின் சிறப்பு அலைதான்: தீவில் மோதி வளைந்து திரும்பும் அலைகளைப் படகின் ஆட்டத்தில் உணர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தீவின் திசையைச் சொல்வது. குச்சிகளைக் கட்டிச் செய்த அலை வரைபடங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவை கற்றுக்கொடுக்க மட்டும்தான், படகில் எடுத்துப் போவதில்லை. இரண்டு தீவுகளுக்கு நடுவே ‘டிலெப்’ என்ற ஒரு அலைப் பாதை இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்று அவர்கள் சொல்வதைக் கடலியல் அறிஞர்கள் கருவி வைத்து அளந்து பார்த்தும் இதுவரை முழுமையாக விளக்க முடியவில்லை. ஆனால் போகிறவர்கள் போகிறார்கள். 2015-இல் ஆல்சன் கெலென் மஜூரோவிலிருந்து ஆவுர் தீவுக்குப் போய்த் திரும்பினார், விஞ்ஞானிகள் இன்னொரு படகில் பின்தொடர. மரியானா தீவுகளின் பழைய பாய்மரப் படகு (வேகத்துக்காக அதைப் ‘பறக்கும் படகு’ என்றார்கள்) 20 நாட் ஓடியது என்று 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் எழுதியதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கண்ணால் போட்ட கணக்கு.

இந்தக் கலைமேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் சரக்குக் கப்பலுக்கு அது தேவை என்று சொல்ல மாட்டேன். அரிசி ஏற்றிப் போகும் கேப்டனுக்கு ஜிபிஎஸ் போதும். சிலருக்கு இது வருத்தமாக இருக்கும். வழி கண்டுபிடிக்கும் அறிவு அந்தச் சமூகத்தின் சொத்து, அது யாருடையது, யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்பதற்கு அங்கே குடும்ப வழக்கும் தலைவர்களின் அனுமதியும் உண்டு. எண்ணெய் மிச்சத்தைக் காட்டி அதைக் காப்பாற்ற வேண்டிய நிலை இல்லை.

கடைசியாகப் பெரிய கப்பல்கள். மார்ஷல் தீவுகளின் கொடி உலகத்திலேயே பெரிய கப்பல் பதிவுகளில் ஒன்று; வேறு நாட்டு முதலாளிகளின் கப்பல்களும் அந்தக் கொடியில் ஓடும். நம் ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் ஏறும் கப்பலின் பின்புறத்தில் ‘மஜூரோ’ என்று எழுதியிருக்கும், ஆயுசுக்கும் அந்த ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் முதல் சில வருடம் அப்படித்தான். அந்தப் பதிவை நிர்வகிப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து ஒரு நிறுவனம். அப்படிப்பட்ட நாட்டின் வெளியுறவு அமைச்சர் டோனி டிப்ரம் 2015-இல் லண்டனில் சர்வதேச கடல்சார் அமைப்பின் கூட்டத்துக்கே போய், கப்பல் புகைக்கு இலக்கு வையுங்கள் என்று கேட்டார். 2018-இல் அரைகுறையாக ஒரு இலக்கு வந்தது, 2023-இல் அது 2050 வாக்கில் நிகர பூஜ்யம் என்று ஆனது. ஒவ்வொரு டன் புகைக்கும் எல்லாக் கப்பலும் கட்டணம் கட்ட வேண்டும் என்று பசிபிக் நாடுகள் கேட்டன. 2025 ஏப்ரலில் அதைவிட மெலிந்த ஒரு ஏற்பாடு வாக்கெடுப்பில் தேறியபோது, இது போதாது என்று அந்த நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அக்டோபரில் அதை நிறைவேற்ற வேண்டிய கூட்டமும் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்தக் கட்டணம் வந்தால் தீவுகளுக்கு வரும் சரக்கின் விலையும் கொஞ்சம் ஏறும். தெரிந்தேதான் கேட்கிறார்கள். ஃபிஜியும் மார்ஷல் தீவுகளும் 2019-இல் தொடங்கிய பசிபிக் நீலக் கப்பல் கூட்டாண்மை தங்கள் உள்நாட்டுக் கப்பல்களின் புகையை 2030-க்குள் 40 சதவீதம் குறைப்போம் என்று சொன்னது. 50 கோடி டாலர் தேடினார்கள். இலக்குக்கும் வந்து சேர்ந்த பணத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பார்த்தால், 2030 கைக்கு எட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த தடவை பாய்மரச் சரக்குக் கப்பல் பற்றி ஏதாவது செய்தி படித்தால் சதவீதத்தை விட்டுவிட்டு மூன்று எண்களைத் தேடுங்கள்: ஒரு முழு வருடத்தில் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை டன் சரக்கு, எத்தனை கடல் மைல். துறைமுகத்தில் நின்றபோது எரிந்ததும் அந்த லிட்டரில் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் இங்கே போடுங்கள், அதே வழித்தடத்தில் ஓடும் டீசல் கப்பலோடு வைத்து நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.